மாமனார் கூப்பிட்டார், திரும்பினேன்

மதுரையில் ஓர் ஆண்பிள்ளை ‘மாப்ள’ என்று கூப்பிடப்படாமல் ஒரு நாளைக் கழிப்பது கஷ்டம். டீக்கடைக்காரர் கூப்பிடுவார். பஞ்சர் ஒட்டுகிறவர் கூப்பிடுவார். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாத ஒருவர், “மாப்ள, கொஞ்சம் தள்ளி நின்னுக்க” என்பார். ஊரே இப்படிக் கூப்பிட்ட என்னை ஒரே ஒருவர் மட்டும் ஏழு வருடம் அப்படிக் கூப்பிடவில்லை. அவர் என் சொந்த மாமனார்.

காரணம், பலூன்.

கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டு ஆட்கள் பதினேழு பேரோடு சித்திரைப் பொருட்காட்சிக்குப் போனேன். பலூன் சுடும் கடையைக் கண்டதும் புது மாப்பிள்ளைக்கு வீரம் வந்துவிட்டது. பத்துக் குண்டு வாங்கினேன். பத்தும் எங்கே போயின என்பது இன்றுவரை தெரியாது. கடைசியில் கடைக்காரர் மனசு கேட்காமல் ஒரு பலூனைத் தன் கையாலேயே நசுக்கி உடைத்துவிட்டு, “உடைஞ்சிருச்சு சார்” என்றார்.

இதிலே ஒரு சின்ன விஷயம். திருநகரில் நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு போர்டு: ‘துல்லியமான பார்வைக்கு’.

மாமனார் அரசு பஸ் டிரைவராக இருந்து திருமங்கலம் டிப்போவில் ரிட்டயர் ஆனவர். அதிகம் பேசமாட்டார். அடுத்த மாதம் அவருக்குப் புதுக் கண்ணாடி தேவைப்பட்டபோது திருமங்கலத்தில் பஸ் ஏறினார். என் கடையைத் தாண்டினார். ஆரப்பாளையத்தில் இறங்கி வேறு கடையில் வாங்கிக்கொண்டார். (தாண்டும்போது என் போர்டைப் பார்த்து லேசாகச் சிரித்தார் என்று கூடப் போன கொழுந்தியாள் சொன்னாள். இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.)

அதிலிருந்து என்னிடம் சொல்ல வேண்டியது எல்லாம் என் மனைவி கவிதா வழியாகத்தான் வரும். நான் எதிர் இலையில்தான் உட்கார்ந்திருப்பேன். “கவிதா, அவருக்கு ரசம் வேணுமான்னு கேளும்மா.” கவிதா என்னைப் பார்ப்பாள். நான் ரசத்தைப் பார்ப்பேன்.

இப்படிப்பட்ட அவமானத்தைத் துடைக்க மனிதர்கள் நிலம் வாங்குவார்கள், கார் வாங்குவார்கள். நான் ஏழாம் வருடம் துப்பாக்கி சுடக் கற்றுக்கொள்ளப் போனேன்.

திருமங்கலம் போகிற வழியில், ரோட்டை விட்டு உள்ளே, பழைய செங்கல் காளவாசல் இருந்த இடத்தில் அந்தக் களம். மூன்று பக்கமும் மண்மேடு. நடத்தியவர் நஸீமா அக்கா. டவுனுக்குள் பூட்டு வியாபாரம் செய்யும் குடும்பம். இவர் மட்டும் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். கழுத்தில் விசில் தொங்காவிட்டாலும் தொங்குவது போலவே இருக்கும்.

நின்ற இடத்தில் ஆடாமல் அசையாமல் வட்டத்தைச் சுடுகிற விளையாட்டு அல்ல அது. இடுப்பில் உறை, உறையில் காற்றுத் துப்பாக்கி. குண்டு பிளாஸ்டிக்தான், ஆனால் கண்ணில் பட்டால் கண் போய்விடும். கையளவு டைமர் ஒன்று ‘பீப்’ என்று கத்தும். உடனே உருவி, கட்டத்துக்குக் கட்டம் ஓடி, பழுப்பு அட்டைக்கு இரண்டு குண்டு, தகரத் தட்டுக்கு ஒன்று என்று சுட வேண்டும். நடுநடுவே வெள்ளை அட்டைகள் நிற்கும். அவை அப்பாவிகள், சுடக் கூடாது. வாங்கிய புள்ளியை எடுத்துக்கொண்ட நேரத்தால் வகுப்பார்கள். குறியும் வேண்டும், வேகமும் வேண்டும். என்னிடம் இரண்டுமே இல்லை என்பதால் எதை முதலில் கற்பது என்ற குழப்பம் எனக்கு வரவில்லை.

முதல் நாள் அக்கா சுண்ணாம்பில் குறுக்காக ஒரு கோடு போட்டார். “தம்பி, குண்டு படலைன்னா பரவால்ல. கால் தடுக்கி விழுந்தாலும் பரவால்ல. துப்பாக்கி மூக்கு இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் திரும்புச்சு, அம்புட்டுத்தான். வீட்டுக்குப் போயிரணும். குறி பாக்காத நேரத்துல விரல் விசைக்கு வெளிய இருக்கணும்.” தலையாட்டினேன். நான் நன்றாகத் தலையாட்டுவேன்.

பீப் கேட்டது. உருவினேன். துப்பாக்கி வந்தது, உறை வந்தது, பெல்ட் வந்தது. பெல்ட்டை நம்பியிருந்த பேண்ட், நம்பிக்கை இழந்து கீழே போனது.

இரண்டாவது வாரம் ஓடிக்கொண்டே, குண்டு அடைத்த மேகசினை மாற்றக் கற்றுக்கொடுத்தார். இடது பையில் கையை விட்டு, எடுத்து, துப்பாக்கியின் அடியில் திணித்தேன். போகவில்லை. ஓங்கித் தட்டினேன். போகவில்லை. குனிந்து பார்த்தால் கையில் கண்ணாடிக் கூடு. கடையிலிருந்து அப்படியே வந்திருந்தேன்.

மூன்றாவது வாரம் குண்டுகள் பட ஆரம்பித்தன. எல்லாம் வெள்ளை அட்டையில். அக்கா அட்டையை எடுத்துவந்து ஓட்டைகளை எண்ணினார். “பிணைக்கைதிய நீங்களே கொன்னுட்டா, கடத்துனவன் எதை வச்சுப் பேரம் பேசுவான் தம்பி?”

அன்றைக்கு வண்டியை ஓரங்கட்டி, இருட்டுகிற வயலைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சிலருக்குச் சில விஷயம் இந்த ஜென்மத்தில் கிடையாது என்று புரிந்தது. ரசம் வேண்டுமா என்று கவிதா வழியாகவே கேட்கப்பட்டுச் சாகப்போகிறவன் நான்.

மறுநாள் கடையில் வேலை செய்யும் செல்வி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “அண்ணே, நீங்க கடைசியா எப்பக் கண்ணு டெஸ்ட் பண்ணுனீங்க?” யோசித்தேன். ஊருக்கெல்லாம் பார்க்கிறேன், எனக்கு? கல்யாணத்துக்கு முன்னால். உட்காரவைத்துப் பார்த்தாள். வலது கண் பவர் ஒன்றேகால் கூடியிருந்தது. (இதை என் வாடிக்கையாளர்கள் யாராவது படித்தால் இந்த ஒரு பத்தியை மட்டும் மறந்துவிடவும்.)

புதுக் கண்ணாடி போட்டபிறகு உலகம் வேறாக இருந்தது. அதற்கப்புறம் எட்டு மாதம் உழைத்தேன். காலையில் கடை திறக்குமுன் காலித் துப்பாக்கியோடு சுவரைப் பார்த்து இருநூறு தடவை உருவுவேன். மொட்டை மாடியில் கட்டம் போட்டு ஓடுவேன். எதிர்வீட்டுக்காரர் இரண்டு நாள் பார்த்துவிட்டு மூன்றாம் நாளிலிருந்து ஜன்னலைத் திறக்கவில்லை. வெள்ளை அட்டைகள் உயிர் பிழைக்க ஆரம்பித்தன. “பரவால்லயே தம்பி” என்று அக்கா ஒரே ஒரு தடவை சொன்னார். அதைக் கவிதாவிடம் நாலு தடவை சொன்னேன்.

புதுமுகங்களுக்கான போட்டி வந்தது. மூன்று சுற்று. குடும்பத்தோடு வரலாம் என்றார்கள். கவிதா என்ன சொல்லி அழைத்துவந்தாளோ, மாமனார் வந்துவிட்டார். கயிற்றுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில், ஸ்டியரிங் பிடிக்காத குறை ஒன்றுதான், நேராகப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

முதல் சுற்று ஒழுங்காக முடிந்தது. இரண்டாவது அதைவிட ஒழுங்கு. பலகையில் என் பெயர் இரண்டாவதாக இருந்தது. ஓரக்கண்ணால் பார்த்தேன். மாமனார் பலகையைப் படிக்கக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஆரப்பாளையம் கண்ணாடி. பொறுங்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மூன்றாவது சுற்று. பீப். உருவினேன், பெல்ட் வரவில்லை. இரண்டு, இரண்டு, ஓட்டம், தட்டு விழுந்தது, மேகசின் மாற்றினேன்; கண்ணாடிக் கூடு இல்லை. இரண்டு, இரண்டு, தட்டு, தட்டு. என் வாழ்க்கையில் என் கைகால்கள் எனக்குக் கட்டுப்பட்டது அந்தப் பதினெட்டு வினாடிகள்தான். முடித்துவிட்டேன் என்று நினைத்தேன். முடிக்கவில்லை, மறைப்புக்கு வைத்த டிரம்முக்குப் பின்னால் ஒரு தட்டு நின்றுகொண்டிருந்தது. நான் பார்க்கவில்லை. முப்பது வருடம் ரோட்டைப் பார்த்த கண்ணுக்கு அது தெரிந்திருக்கிறது.

நாற்காலி நகரும் சத்தம். அப்புறம் அந்தக் குரல்.

“மாப்ள, இடப்பக்கம் இன்னொண்ணு நிக்கிது பாருங்க.”

ஏழு வருடம் காத்திருந்த காது அது. நம் ஊரில் மாமனார் கூப்பிட்டால் கழுத்தை மட்டும் திருப்பிப் பேசுகிற வழக்கம் உண்டா? முழு உடம்பையும் திருப்பி, முகத்தில் மரியாதையை வரவழைத்துக்கொண்டு, “மாமா?” என்று கேட்டேன்.

கையில் துப்பாக்கி இருந்தது.

அங்கே இருந்த நாற்பது பேரும் ஒரே நேரத்தில் தரையில் இருந்தார்கள். கவிதா பக்கத்துப் பெண்மணியின் மேல் கிடந்தாள். நஸீமா அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துத் தரையைப் பார்த்து அழுத்தினார். மாமனார் மட்டும் நின்ற இடத்தில் நின்றார், இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கியபடி. தூக்கிய வேகத்தில் கை பட்டு அவருடைய கண்ணாடி எகிறி விழுந்து, படுக்கப் போன யாரோ ஒருவரின் முழங்காலுக்குக் கீழே நொறுங்கியது.

“காலி பண்ணி உறையில வைங்க தம்பி,” என்றார் அக்கா. குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்கவில்லை. “விரல் வெளியதான் இருந்துச்சு. அந்த ஒண்ணுக்காக இனிமேயும் உங்கள உள்ள விடுறேன். ஆனா இன்னைக்குக் கிளம்புங்க.” பலகையில் என் பெயரை அழித்தார்கள். கடைசி இடம்கூட இல்லை, இடமே இல்லை.

அன்றிரவு எங்கள் வீட்டில் தங்க மாமனாரும் காரில் வந்தார். பலூனோடு நின்றிருக்கலாம். பலூன் யாரையும் தலைக்கு மேல் கை தூக்க வைத்து அவமானப்படுத்தவில்லை. இனி ரசம்கூடக் கிடைக்காது என்று முடிவு செய்திருந்த நேரத்தில், திருநகர் ஸ்டாப்பிங் பக்கத்தில் பின்சீட்டிலிருந்து அவர் தொண்டையைச் செருமினார்.

“மாப்ள, நான் முப்பது வருசம் பஸ் ஓட்டுனேன். பின்னாடி இருந்து எம்புட்டுப் பேரு கூப்பிட்டிருப்பான். ஒரு நாளும் திரும்புனதில்ல.”

கவிதா வழியாக அல்ல. நேராக. நான் காரை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

“இப்பவும் திரும்பிராதீங்க,” என்றார்.

மறுநாள் காலை கண்ணாடி இல்லாமல் தட்டுத்தடுமாறிக் கடைக்கு வந்தார். வேறு வழியில்லை, கண் தெரியாமல் ஆரப்பாளையம் பஸ்ஸை அடையாளம் காண முடியாது. நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணைப் பார்க்கச் சின்ன டார்ச்சை எடுத்துக்கொண்டு திரும்பினேன். அவருடைய இரண்டு கையும் சட்டென்று மேலே போனது.

இப்போது ஐந்து வருடம் ஆகிறது. வருடத்துக்கு ஒருமுறை என் கடைக்குத்தான் வருகிறார், கூடவே சொந்தக்காரர்கள் இரண்டு பேரை வேடிக்கை பார்க்க அழைத்துக்கொண்டு. கல்யாண வீடுகளில் யாராவது பின்னாலிருந்து என்னை ‘மாப்ள’ என்று கூப்பிட்டால், என் எதிர் வரிசையில் சாப்பிடுகிற மொத்தப் பேரும் இலைக்குக் குனிகிறார்கள். டார்ச்சை எடுத்தால் மாமனார் இன்னமும் கையைத் தூக்குகிறார். தூக்கியபடியே, செல்விக்கும் கேட்கிற மாதிரிச் சொல்வார்:

“மாப்ள, விரலை வெளிய வச்சுக்கங்க.”