மன்னர் இன்னும் முடிக்கவில்லை

மேகங்கள் இறங்கிவந்து தெருவில் படுத்துக்கொள்ளும் நாடு ஒன்று இருந்தது. ஒருவர் பேசி முடித்த பிறகே அடுத்தவர் வாய் திறக்கலாம் என்பது அங்கே வழக்கம்.

ஒரு நாள் மன்னர் மலைமேல் அவையைக் கூட்டினார். "மக்களே, உங்கள் குறைகளைக் கேட்க வந்திருக்கிறேன்," என்று சொல்லிக் கண்களை மூடிக்கொண்டார்.

யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"குறுக்கே பேசாதீர்கள்," என்றார் மந்திரி வாகீசர். "மன்னர் இன்னும் முடிக்கவில்லை. மூச்சு விடுகிறார்."

மூச்சு நீண்டது. மாமரங்கள் பூத்தன, காய்த்தன. மன்னர் பேசாமல் இருப்பதும் பேச்சே என்று ஒரு சட்டம் வந்தது. இருவர் சேர்ந்து நின்றால் அதுவும் அவையே என்று இன்னொன்று. அடக்கிவைத்த வார்த்தைகள் மதியத் தூக்கத்தில் உளறலாக வழிந்தன. உடனே, ஒரு நேரத்தில் தெருவுக்கு ஒருவர்தான் தூங்கலாம் என்றார்கள்.

தூக்கமிழந்த ஜனங்கள் மேகத்தோடு மேகமாக மிதந்தார்கள்.

அப்போதுதான் மருதாயி ஏரிக்கரையில் அந்த விரிசலைப் பார்த்தாள். கை நுழையும் அகலம். கரைக்குக் கீழே அவள் தெரு. தொட்டிலில் அவள் மகள்.

மலையேறி ஓடினாள்.

"ஐயா, ஒரே ஒரு வார்த்தை."

"உன் முறை வரட்டும்மா," என்றார் வாகீசர்.

"நீங்க மட்டும் பேசுறீங்களே?"

"நாங்கள் பேசவில்லை. மன்னரின் மௌனத்துக்கு விளக்கம் அளிக்கிறோம்."

அவர் கூட்டத்துக்கு விளக்கத் திரும்பியதும், மருதாயி சிம்மாசனத்தருகே நழுவினாள். "சாமி, ஏரிக்கரை விரிசல் விட்டுப்போச்சு. ஏதாச்சும் சொல்லுங்க."

மன்னர் ஒரு கண்ணைத் திறந்தார்.

"நான் அப்பவே முடிச்சுட்டேன் தாயி," என்று கிசுகிசுத்தார். "கேக்கத்தான் கண்ணை மூடினேன். இவங்க விளக்கம் முடிஞ்சாத்தானே எனக்கு முறை வரும்?"

அவள் இறங்கி ஓடினாள். "கரை உடையப்போகுது, கெளம்புங்க."

தெருவே உதட்டில் விரல் வைத்தது.

"மெதுவா," என்றார் பக்கத்து வீட்டுச் சடையன். "உன் முறையாம்மா இது?"

மகளைத் தோளில் போட்டுக்கொண்டு மருதாயி மேடேறினாள். பின்னால் ஒருவரும் வரவில்லை.

ஏரி சத்தமில்லாமல், மேகங்களுக்கு அடியில் நடந்து வந்தது. தண்ணீர் ஜனங்களின் மோவாயைத் தொட்டபோது, மலை உச்சியிலிருந்து வாகீசரின் குரல் கேட்டது.

"இனி மக்கள் பேசலாம்."

எல்லோரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள். ஏரி உள்ளே போனது.

அடுத்த அவையில் வாகீசர் அறிக்கை வாசித்தார். "மக்களுக்கு முழு வாய்ப்பு அளிக்கப்பட்டது. ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை."