பரிவட்டத்துக்காக பாங்காக்

ஆயிரம் வருஷத்துக்கு முன்பே குடவோலை போட்டு ஆள் எடுத்த ஊர் உத்திரமேரூர். நிலம் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், இத்தனை வயது ஆகியிருக்க வேண்டும் என்று ஒரு மனிதனுக்கு வேண்டிய தகுதிகளை எல்லாம் கல்லில் வெட்டி வைத்த பெரியவர்கள், ஆண்மகனுக்கு மார்பு எவ்வளவு இருக்கலாம் என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டார்கள். சரித்திரத்தின் இந்த மாபெரும் குறையைத் தன் சொந்த உடம்பைக் கொடுத்து நிவர்த்தி செய்தவர் மோகன்குமார். உத்திரமேரூருக்குப் பக்கத்துக் கிராமம், நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். அவருக்கு நாங்கள் இன்னும் சிலை வைக்கவில்லை என்றால், அது மார்பளவுச் சிலையாகப் போய்விடுமே என்ற கூச்சம்தான் காரணம்.

விஷயம் இதுதான். மீசை முளைக்கிற வயதில் மோகன்குமாருக்கு மார்பு கொஞ்சம் எழும்பியது. நிறையப் பையன்களுக்கு வந்து போவது, இவருக்கு வந்து தங்கிவிட்டது. பம்புசெட்டில் குளிக்கும்போது எவனோ ஒருவன் கேலி செய்தான். அன்று போட்ட சட்டையை அவர் நாலு பேர் முன்னால் அப்புறம் கழற்றவே இல்லை. உள்ளே போனால் சட்டையைக் கழற்ற வேண்டுமே என்று, பெருமாள் கோயில் உற்சவம் என்றால் வாசலோடு சரி. ஊரார் செருப்புக்குக் காவல் நிற்கிறவர் மாதிரி நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுவார்.

இந்த வருஷம் வைகாசியில் கருட சேவை உபயம் அவர் வீட்டு முறை. அப்பா இல்லாததால் தலையில் பரிவட்டம் கட்டிக்கொள்ள வேண்டியவர் மோகன்குமார்தான். எங்கள் கோயிலில் பரிவட்டத்தைத் திறந்த மார்போடுதான் வாங்க வேண்டும். வாங்காவிட்டால் அந்த மரியாதை பங்காளி வீட்டுக்குப் போய்விடும், போனால் திரும்பாது. மோகன்குமார் தர்மகர்த்தா பச்சமுத்துவிடம் போய்த் தலையைச் சொறிந்தார்.

"மாமா, ஒரே ஒரு பனியன் மட்டும் போட்டுக்கினு வரட்டா?"

"பெருமாளுக்கே பனியன் கெடையாதுடா. உனுக்கு இன்னாத்துக்கு?"

ஆன்மிகத்தில் இதற்குமேல் வாதம் இல்லை. மோகன்குமார் வீட்டுக்கு வந்து, மனைவி இளவரசியின் தலைமையில், அதாவது அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த இடத்தில், அவசரக் கூட்டம் கூட்டினார். ஆபரேஷன் பண்ணிக் குறைத்துக்கொள்வது என்ற முதல் தீர்மானம் உடனே நிறைவேறியது. எங்கே என்பதில்தான் விவாதம்.

"காஞ்சிபுரத்துல பண்ணிக்கினா இன்னா?" என்றாள் இளவரசி.

"அங்க நர்ஸு உங்க சித்தி பொண்ணு."

"செங்கல்பட்டு?"

"ஸ்கேன் எடுக்கறவன் என்கூடப் படிச்சவன்."

"மெட்ராசு?"

"மெட்ராசுல பாதிப் பேரு நம்ம ஊரு ஆளுங்கதானே?"

ஆகவே மானத்தைக் காக்கக் கடல் தாண்டுவது என்று ஏகமனதாக முடிவாயிற்று. ஊருக்கு, "தாய்லாந்து நெல் சாகுபடி குறித்த நேரடி ஆய்வு" என்று அறிவிக்கப்பட்டது. "பாங்காக்ல நெல்லாண்ணே? ஆய்வாண்ணே? நடத்து, நடத்து" என்று டீக்கடையில் கண்ணடித்தார்கள். ஒரு மானத்தைக் காக்கப் போய் இன்னொரு மானம் கப்பலேறுகிறதே என்று பதறி, மனைவியையும் கூட அழைத்துக்கொண்டார். பெட்டி தூக்கவும் ஆள் வேண்டுமே. பஸ் நிறுத்தத்தில் "விவசாய வேந்தரே, வென்று வருக" என்று பிளக்ஸ் வைத்தோம். வைத்தவர்களில் ஒருத்தருக்கும் எதை வெல்லப் போகிறார் என்று தெரியாது. எங்களுக்கு பிளக்ஸ் வைக்கக் காரணம் எதுவும் தேவைப்படுவதில்லை.

பாங்காக் ஆஸ்பத்திரியில் தமிழ் பேச சோபியா என்று ஒரு பெண்ணை ஏற்பாடு செய்திருந்தார்கள். டாக்டர் உள்ளே வந்தார். இருவரையும் பார்த்தார். நாற்காலியை நேராக இளவரசி பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு கேட்க ஆரம்பித்தார்.

"கழுத்து வலி உண்டான்னு கேக்கறாரும்மா" என்றாள் சோபியா.

"கீது. ராத்திரில திரும்பிப் படுக்க முடியல."

"தோள்ல பாடி பட்டை அழுத்தித் தடம் விழுந்திருக்கா?"

"தடம் இன்னா, பள்ளமே கீது."

"கீழ வேர்க்குரு, புண்ணு?"

"வெயில் காலத்துல கேக்கவே வேணாம்."

"நடு முதுகு?"

"களையெடுத்துட்டு நிமிந்தா உசுரே போவுது." இளவரசிக்குக் கண் நிறைந்துவிட்டது. "ஏம்மா, இந்த மனுசனுக்கு இதெல்லாம் எப்டிம்மா தெரியுது?" கல்யாணமான நாளிலிருந்து அவளை ஒருவரும் இத்தனை கேள்வி கேட்டதில்லை.

மோகன்குமார் தொண்டையைக் கனைத்தார். "பேஷண்ட்டு நாந்தாங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"உங்களுக்கு வலி இருக்கா?"

"இல்லீங்க."

"பாரமா இருக்கா?"

"இல்லீங்க."

"அப்ப என்ன கஷ்டம்?"

"கோயில்ல சட்டையக் கழட்டணும்."

சோபியா இதை எப்படி மொழிபெயர்த்தாளோ, டாக்டர் எழுந்து நின்று பயபக்தியோடு கைகூப்பினார். அவர் போனதும் சோபியா குரலைத் தாழ்த்தி, "அண்ணே, உங்களுக்கு எந்த ஊரு? எனக்கு வாலாஜாபாத்" என்றாள். பக்கத்துத் தாலுகாக்காரி என்று தெரிந்ததும் மோகன்குமாருக்குப் பிரஷர் எகிறி, ஆபரேஷன் மறுநாளைக்குத் தள்ளிப்போனது.

ஆனாலும் ஆபரேஷன் மகத்தான வெற்றி. ஒரு மாதத்துக்குக் கனம் தூக்கக் கூடாது என்றார் டாக்டர். இளவரசி இரண்டு பெட்டிகளையும், ஆய்வுக்கு ஆதாரமாக வாங்கிய தாய்லாந்து அரிசி மூட்டையையும் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்க, விவசாய வேந்தர் வெறுங்கையோடு ஊர் திரும்பினார். மாதங்கள் ஓடியும் டாக்டர் சொல்லை அவர் மீறவே இல்லை. தண்ணீர்க் குடம், உர மூட்டை, மாட்டுத் தீவனம் எல்லாம் இளவரசி பொறுப்பு.

கருட சேவையும் வந்தது. சன்னதியில் மோகன்குமார் சட்டையைக் கழற்றினார். கண்ணை மூடிக்கொண்டு உலகம் தன்னைப் பார்க்கட்டும் என்று காத்திருந்தார். ஒருவரும் பார்க்கவில்லை. கண்ணைத் திறந்து அவர்தான் சுற்றிலும் பார்த்தார். தர்மகர்த்தா பச்சமுத்து, பங்காளிகள், பல்லக்குத் தூக்கிகள், ஊர்ப் பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவர் மார்பும் தளதளவென்று தொங்கிக்கொண்டிருந்தது. பச்சமுத்துவுடையதற்கு ஒரு பாங்காக் போதாது. இத்தனை வருஷமும் வாசலிலேயே நின்றவருக்கு உள்ளே நிற்கிறவர்களின் லட்சணம் தெரியாமல் போய்விட்டது. "அட கூறுகெட்ட கம்மனாட்டி" என்று தன்னையே வாழ்த்திக்கொண்டார். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

பரிவட்டம் கட்டியானதும் பச்சமுத்து அவரை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா மாப்ள, தாய்லாந்துல சோறு போடலியா? எளைச்சிக் கீற."

வீட்டுக்கு வந்து பரிவட்டத்தோடு நாற்காலியில் உட்கார்ந்தார். பின்னாலேயே பிரசாத அண்டாவைச் சுமந்து வந்த இளவரசி அதை இறக்கி வைத்துவிட்டுக் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாங்க, ஒண்ணு சொல்லணும். அந்த ஆபரேஷன எனக்கும் பண்ணலாமாம். சோபியா போன்ல சொல்லுச்சு. பாங்காக்கெல்லாம் வேணாம், மெட்ராசு பெரியாஸ்பத்திரியே போதும். தெரிஞ்சவங்க பாத்தாக்கூட பரவால்ல."

மோகன்குமார் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார். பழைய பம்புசெட்டுக் கோபம் அத்தனையும் முகத்தில் ஏறியது.

"எவன்டி உன்னைக் கேலி பண்ணான்? பேரைச் சொல்லு, இப்பவே போய்க் கேக்கறேன்!"

"அய்ய, யாரும் கேலி பண்ணல."

"பின்ன இன்னாத்துக்கு?"

"வலிக்குது."

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பரிவட்டத்தைச் சரிசெய்துகொண்டு நிதானமாக உட்கார்ந்தார்.

"அடச்சே, வலிதானா! நான்கூட இன்னாமோ ஏதோன்னு பயந்துட்டேன். சரி, அண்டாவை உள்ள எடுத்துனு போய் வை."