இரண்டு பேருக்கு இலவச இருக்கை

அன்பு மைத்துனனுக்கு,

அத்தான் எழுதுவது. நானும் உன் அக்காவும் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும், ஏனென்றால் உன்னிடம் சில கேள்விகள் கேட்க வேண்டியிருக்கிறது. போனில் கேட்டால் பாதியிலேயே சிரித்துவிடுவாய் என்பதால் கடிதம்.

பத்து வருஷத்துக்கு முன் என் வீட்டு நாற்காலியில் கால் மேல் கால் போட்டுக்கொண்டு, "அத்தான், இந்த விமானக் கம்பெனி கார்டை வாங்கிக்கங்க. எதை வாங்கினாலும் பாயிண்ட் ஏறும். ஒருநாள் நீங்களும் அக்காவும் ஓசியிலேயே பறக்கலாம்" என்றாய். அதைக் கேட்டு, சோப்பிலிருந்து சைக்கிள் டியூப் வரை அந்தக் கார்டிலேயே வாங்கினேன். பக்கத்து வீட்டுக்காரர் பல்செட்டு கட்டிக்கொண்டபோதுகூட வலியப் போய் என் கார்டைத்தான் தேய்த்தேன். அவர் சிரிக்கும்போதெல்லாம் எனக்கு என் பாயிண்டுதான் தெரியும்.

இப்போது எங்கள் மகளுக்குப் பிரசவ நேரம். கடல் தாண்டிய ஊரில் அவளும் மாப்பிள்ளையும் மட்டும். "நீங்க ரெண்டு பேரும் பக்கத்துல இருந்தா தேவலைப்பா" என்று போனில் அழுதாள். கல்யாணத்தன்றுகூட அழாத பெண். "அதுக்கென்னம்மா, ஓசியிலேயே வர்றோம்" என்று மார்தட்டிவிட்டு, கம்பெனியின் இணையதளத்தில் இரண்டு பேருக்கு இலவச இருக்கை என்று தட்டினேன். இல்லை என்றது. மறுநாளும் இல்லை, அந்த மாதமே இல்லை. போன் செய்தால் அரை மணி நேரம் பாட்டுப் போட்டார்கள். பிறகு ஒரு பெண் வந்து, "இலவச சீட்டெல்லாம் முந்நூத்து முப்பது நாளைக்கு முன்னாடியே திறந்துடுவோம் சார். அப்பவே போயிடும். நீங்க முன்கூட்டியே பிளான் பண்ணியிருக்கணும்" என்றாள். "பிரசவத்துக்குப் போறோம்மா. குழந்தையே இருநூத்து எண்பது நாள்ல வந்துடும்" என்றேன். "எங்க விதி அப்படி சார்" என்றாள். அதாவது மகளும் மாப்பிள்ளையும் நினைப்பதற்கு ஐம்பது நாள் முன்பே நான் நினைத்துக்கொண்டு டிக்கெட் போட்டிருக்க வேண்டும். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு மாப்பிள்ளையிடம் தேதி கேட்பது?

யாரிடம் கதை விடுகிறார்கள்? நான் இருபத்தெட்டு வருஷம் சினிமா தியேட்டர் கவுண்டரில் உட்கார்ந்தவன். ஹவுஸ்ஃபுல் போர்டை வெளியே மாட்டிவிட்டு, வேண்டியவர்களுக்காக இரண்டு வரிசையைக் கையில் வைத்திருப்பது எங்களுக்குத் தெரியாத வித்தையா? ஆனால் விளக்கை அணைத்ததும் வாசலில் நிற்கிறவனைக் கூப்பிட்டு உட்காரவைத்துவிடுவோம். இங்கே அதற்கென்று ஒரு துறையே இருக்கிறதாம். எத்தனை இருக்கை விலைக்குப் போகும் என்று தினமும் கணித்து, போகாது என்று தெரிந்த பிறகுதான் நம்மைப் போன்றவர்களுக்கு எறிவார்களாம். கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது எறிந்தாலும் எறிவார்களாம், எறியாமலும் போவார்களாம். "அது எப்ப தெரியும்?" என்றால், "அடிக்கடி பார்த்துக்கிட்டே இருங்க சார்" என்கிறார்கள். பார்த்தோம். நான் குளிக்கப் போனால் உன் அக்கா கம்ப்யூட்டருக்குக் காவல். ஒருநாள் காலை திரையில் இரண்டு இருக்கை தெரிந்தது. அமுக்கினால், மன்னிக்கவும், அவை இப்போது இல்லை என்று வந்தது. "நீங்க கண்ணாடியைத் தேடுறதுக்குள்ள போயிடுச்சு" என்று அந்தப் பழியும் என் தலையில் விழுந்தது.

சரி, காசு கொடுத்தே டிக்கெட் வாங்கி, பாயிண்டைக் கொடுத்து முன்பக்கத்து அகல இருக்கைக்காவது மாறலாமா என்று கேட்டேன். காத்திருப்போர் பட்டியலில் போடுவார்களாம். அதில் முதலில் ஓயாமல் பறக்கிற பிளாட்டின உறுப்பினர்கள், பிறகு உன்னைப் போன்ற தங்கங்கள், பிறகு வெள்ளிகள், கடைசியில் நான். நான் நீல உறுப்பினர். நீலத்துக்குக் கீழே விமானத்தின் சக்கரம்தான் இருக்கிறது. மாதம் இருமுறை ஆபீஸ் செலவில் பறக்கிற உனக்கு இதெல்லாம் எங்கே உறைக்கப்போகிறது?

ஆகவே இந்தப் பித்தலாட்டத்துக்கு இன்றோடு முழுக்கு. கார்டை இரண்டாக வெட்டி இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். நீ சேர்த்துவிட்டது, நீயே அடக்கம் செய்துவிடு. நீயும் உன் மனைவி மக்களும் எல்லா நலமும் பெற்று, போகிற விமானங்களில் எல்லாம் இரண்டு குண்டர்களுக்கு நடுவே உட்கார்ந்து நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,

அத்தான்

பி.கு.: கவரில் துண்டுகளைத் தேடாதே, கார்டை நான் வெட்டவில்லை. கடிதம் தபாலில் சேராமல் ஒரு வாரம் மேசையிலேயே கிடந்தது. அதற்குள் கடைசியாக ஒருமுறை திட்டலாம் என்று போன் செய்தேன். வேறொரு பெண் எடுத்து, "ரெண்டு பேருக்குன்னே தேடுறீங்களே சார். ஒரு சீட்டுதான் இருந்தா இல்லைன்னுதான் காட்டும். ஒருத்தருக்குத் தேடிப் பாருங்க" என்றாள். எனக்கு அது தோன்றவே இல்லை. முப்பத்தொரு வருஷமாக நாங்கள் எங்கேயும் தனித்தனியாகப் போனதில்லை. தேடினேன், இருந்தது. யார் போவது என்ற பேச்சே எழவில்லை. நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் உன் அக்கா பெட்டியோடு வாசலில் நின்றாள். தனியாள் என்பதால் விமானத்தில் அவளைக் கூப்பிட்டு முன்பக்கத்து அகல இருக்கையிலேயே உட்காரவைத்தார்களாம். நேற்றுக் குழந்தை பிறந்தது. பெண். தாயும் சேயும் நலம். எனக்கென்று ஒன்று தேடினால் மறுபடியும் இல்லை என்கிறது. நீ தங்க உறுப்பினர், உன் பேச்சுக்கு அங்கே மதிப்பு இருக்கும். எனக்கு ஒரே ஒரு இருக்கை, கழிப்பறைப் பக்கத்தில் இருந்தாலும் சரி, எப்படியாவது கேட்டுப் பார் தம்பி. மூக்கு அப்படியே என்னுடையதாம். எனக்குப் பார்க்க வேண்டும்.