பதினோரு வார்த்தை

"எங்கே, மாமா சொல்ற மாதிரி சொல்லு. 'அப்பா, எனக்குத் தண்ணி வேணும்.'"

சாப்பாட்டு மேசையில் எல்லோரும் கையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். குழந்தை மாமாவைப் பார்த்தது. அப்பாவைப் பார்த்தது. பிறகு அப்பா பக்கம் திரும்பி, "தூத்தூ," என்றது.

"அடுத்த மாசம் மூணு வயசு முடியுது, இன்னும் தூத்தூவா?" என்றார் மச்சான். "என் பையன் இந்த வயசுல செய்தி வாசிக்கிற மாதிரி பேசினான்."

குழந்தையின் அப்பாவான கண்ணாடிக்காரர் தட்டைத் தள்ளி வைத்தார். கண்ணைப் பரிசோதித்துக் கண்ணாடி மாட்டிவிடும் கடையில் அவருக்கு வேலை. யார் வந்து உட்கார்ந்தாலும் ஐந்தே நிமிடத்தில் குறை என்னவென்று சொல்லிவிடுவார். சொந்த மகளிடம் மட்டும் ஒன்றும் பிடிபடவில்லை. மொத்தம் பதினோரு வார்த்தை. தூத்தூ என்றால் தண்ணீர், மம்மு என்றால் சாப்பாடு, ஜூஜூ என்றால் நாய். எல்லாம் அவரே மடியில் வைத்துக் கொஞ்சிக் கொஞ்சிச் சொல்லிக் கொடுத்தவை.

யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார்.

"தப்பு நம்ம மேலதான். நீட்டி நீட்டிப் பேசறோம். பிஞ்சு மூளை குழம்பிப் போகுது. இனிமே இந்த வீட்டுல முழு வாக்கியமே கூடாது."

"கேஸ் தீர்ந்துபோச்சுன்னு நான் எப்படிச் சொல்றது?" என்றாள் மனைவி.

"கேஸ் டாட்டா."

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் பெற்ற மனசு. மறுநாளே, "மழை. துணி. ஓடு," என்று கத்தினாள். அவரும் ஓடினார்.

ஒரு வாரம் போனது. பதினோரு வார்த்தை பன்னிரண்டு ஆகவில்லை. அவருக்குத்தான் பழக்கம் ஒட்டிக்கொண்டது. கடைக்கு வந்த ஓய்வு பெற்ற நீதிபதியை நாற்காலியில் உட்கார வைத்து, "ஒரு கண்ணு மூடு... ஆ, சமத்து! இன்னொரு கண்ணு?" என்றார்.

நீதிபதி மூடிய கண்ணைத் திறந்தார். "கடைசி வரி வரைக்கும் படிச்சா மிட்டாய் உண்டா?"

முதலாளி அவரைத் தனியே கூப்பிட்டார். "ரெண்டு நாள் லீவு எடுத்துக்கய்யா. குழந்தையோட இரு. மனசு லேசாகட்டும்."

மகளைப் பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்துக்கு அனுப்பாமல் இரண்டு நாளும் அவளோடு தரையிலேயே கிடந்தார். பூனையைப் போல் கத்தினார், வண்டியைப் போல் உறுமினார். குழந்தை சிரித்துச் சிரித்துப் புரண்டது. இடையிடையே ஒரு கோப்பையை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டி, "தூ... த்தூ..." என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னது. அவரும் பதிலுக்கு, "தூ... த்தூ..." என்றார். குழந்தை கை தட்டியது. இவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்து வெகுகாலம் ஆகியிருந்தது. ஆனால் பதினோரு வார்த்தையில் இப்போது நாலுதான் மிச்சம்.

காப்பகத்தில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். குழந்தையைச் சேர்த்து ஒரு மாதம்தான் ஆகிறது. பேசாத பிள்ளை என்று தெரிந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில், தினமும் வாசலிலேயே விட்டுவிட்டு, வாசலிலேயே வாங்கிக்கொண்டு ஓடிவந்துவிடுவார்.

மூன்றாம் நாள் காப்பகத்திலிருந்தே அழைப்பு வந்தது. மனைவிதான் எடுத்து, வீட்டுச் சட்டப்படி 'ம்... ம்...' என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். வைத்ததும், "பேச்சு விஷயமாம். உங்களை நேர்ல வரச் சொல்றாங்க," என்றாள். பதற்றத்தில் சட்டம் மறந்துபோனது.

அவர் உடனே காப்பகத்துக்கு ஓடினார். காப்பகத்து அம்மா அவரைக் கண்டதும் எழுந்து வந்து, நாற்காலியைத் தட்டிக் காட்டி, "உட்... கா... ருங்க," என்று உரக்கச் சொன்னார். தண்ணீர்ப் பாட்டிலைத் தூக்கி ஆட்டி, "குடிக்... கிறீங்... களா?" என்றார்.

இந்த அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று அவர் விழித்தார். அப்போது உள்ளறையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அந்தப் பொம்மையை அங்க வைக்காதே, கீழ விழுந்துடும். நேத்தே சொன்னேன்ல? நான் சொல்றதை ஒருத்தரும் கேக்கறதில்லை."

"யாரு அது? என்ன கணீர்னு பேசுது!" என்றார் ஏக்கமாக.

கதவு திறந்தது. அவருடைய மகள்தான். அப்பாவைப் பார்த்ததும் சட்டென்று நின்றாள். முகம் கனிந்தது. அருகில் வந்து, அவர் கையை மெல்லப் பிடித்துக்கொண்டு, வாசலைச் சுட்டிக் காட்டி, "டா... ட்டா?" என்றாள்.

அவர் காப்பகத்து அம்மாவிடம் திரும்பி, "அம்மா, என் பொண்ணு வீட்டுல இந்த மாதிரி ஒரு நாளும் பேசினதில்லையே! எதுக்கு என்னை வரச் சொன்னீங்க?" என்றார்.

காப்பகத்து அம்மா வாயைப் பிளந்தார்.

"ஐயோ, நீங்க நல்லாத்தானே பேசறீங்க! 'எங்கப்பாவுக்கு இன்னும் பேச்சு வரலை, பாவம், இப்போ அம்மாவுக்கும் நின்னுபோச்சு'ன்னு உங்க பொண்ணு சொல்லிச் சொல்லி அழறா, அதான் ஒரு நல்ல டாக்டர் இருக்கார்னு சொல்லக் கூப்பிட்டேன்!"