ஒன்பது பந்து ஓவர்

கோயிலுக்குப் போனால் சாமியைப் பார்ப்பதற்கு முன் கோபுரத்துப் பொம்மைகளை எண்ணுகிறவன் நான். பந்தியில் உட்கார்ந்தால் என் இலைக்கு வந்த அப்பளத்தையும் எண்ணுவேன், எதிர் இலையில் விழுந்த அப்பளத்தையும் எண்ணுவேன். மின்விசிறி மெதுவாகச் சுற்றினால், கரண்ட் போய்விடுமோ என்று கவலைப்பட்டுக்கொண்டே அதன் சுற்றுகளை எண்ணுவேன். இதை ஒரு பெருமையாக ரொம்ப நாள் நினைத்திருந்தேன். (என் மனைவி சரஸ்வதி இதற்கு வைத்திருக்கும் பெயர் வேறு. அதை அச்சில் போட முடியாது.)

குற்றம் முழுக்க என்னுடையதும் அல்ல. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் டெஸ்பாட்ச் பகுதியில், லாரியில் ஏறும் பெட்டிகளை எண்ணுவதற்காகவே எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். ஓய்வு பெற்ற அன்று ஒரு சால்வையும் சுவர்க்கடிகாரமும் கொடுத்து அனுப்பினார்கள். எண்ணுகிற பழக்கத்தை மட்டும் யாரும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அது என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

எங்கள் ஊர் ஏரி பங்குனி வந்தால் ஏரியாக இருக்காது. கிரிக்கெட் மைதானமாகிவிடும். கடைக்கோடியில் முழங்கால் அளவுத் தண்ணீரும் அதில் நாலைந்து கொக்கும் மிச்சமிருக்கும், அவ்வளவுதான். வாரமெல்லாம் ஷிப்டில் உழைக்கும் பையன்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்றுதான் சொந்தம். ஆனால் மைதானம் ஒன்று, டீம் இரண்டு. எங்கள் அம்மன் கோயில் தெரு டீமுக்கு என் மகன் செந்தில் கேப்டன். தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் வேலை. சர்ச் தெரு டீமுக்குக் கேப்டன் அருள். அவனுக்கும் அதே கம்பெனிதான், பக்கத்து மெஷின்தான். போதாக்குறைக்கு அவன் என் மகள் கலாவைக் காதலித்துக் கட்டிக்கொண்ட மாப்பிள்ளை.

அந்தக் கல்யாணத்துக்கு வராத சண்டை கிரிக்கெட்டுக்கு வந்தது. எங்கள் தெருப் பையன்கள் விடியற்காலையே போய் ஸ்டம்பை நட்டால் வெயில் உச்சிக்கு வரும்வரை பிடுங்க மாட்டார்கள். சர்ச் தெருப் பையன்கள் பூசை முடிந்துதான் வர முடியும். வந்தால் கரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். ஒரு ஞாயிறு வாய்ச்சண்டை. அடுத்த ஞாயிறு பிட்சின் நடுவில் யாரோ தோண்டிய பள்ளம். அதற்கடுத்த ஞாயிறு மச்சானும் மச்சானும் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திவிட்டார்கள்.

சரஸ்வதிதான் முதலில் வெடித்தாள். "கறி எடுத்தா ஒருத்தன் பன்னண்டு மணிக்கு வந்து துன்றான், இன்னொருத்தன் மூணு மணிக்கு வந்து துன்றான். நான் இன்னா ஓட்டலா நடத்திக்கினு கீறேன்? பெரிய மனுசன்னு ஒருத்தர் ஊட்ல கீறீங்களே, எதனா பண்ணுங்க."

எதனா பண்ணியவர் ஒன்றியக் கவுன்சிலர். தேர்தல் வாசனை அடித்துக்கொண்டிருந்த காலம். டீமுக்குப் பத்து ஓவரில் ஒரு மேட்ச், கோப்பை தன் செலவு, ஜெயிக்கிற தெருவுக்கு ஏரியில் தண்ணீர் வரும்வரை ஞாயிற்றுக்கிழமை காலை சொந்தம், தோற்ற தெரு வாயைத் திறக்கக் கூடாது என்று தீர்ப்பு சொன்னார். இரண்டு தெருவும் நம்புகிற அம்பயர்கள் வேண்டும். ஒருவர் அருளின் அப்பா, என் சம்பந்தி தேவசகாயம். இன்னொருவர் யாரென்று யாரும் யோசிக்கவே இல்லை.

"நைனா கணக்குன்னா கணக்குதான்" என்றான் செந்தில்.

"மாமா நிக்கிறார்னா எங்களுக்கு ஓகே" என்றான் அருள், செந்திலைப் பார்க்காமல், என்னைப் பார்த்து.

எத்தனையோ லாரிகளை வழியனுப்பியபோது வராத பெருமிதம் அன்றைக்கு வந்தது. கூடவே கவலையும் வந்தது. (எனக்குக் கவலை இல்லாமல் தனியாகப் பெருமிதம் வந்ததே கிடையாது.)

ஞாயிறு காலை, பூசை முடிந்து ஒன்பது மணிக்கு மேட்ச். பழைய யூனிபாரம் பேண்ட்டைப் போட்டு, தலையில் வெள்ளைத் தொப்பி வைத்துக் கிளம்பினேன். சரஸ்வதி ஒரு காகிதப் பொட்டலத்தை என் சட்டைப்பையில் திணித்தாள். வறுத்த வேர்க்கடலை. "நாஷ்டாவும் சரியா துன்னல. சக்கர எறங்கி கிறுகிறுன்னு வந்தா நாலு வாயில போட்டுக்கோங்க. சும்மா சும்மா துன்னாதீங்க."

அம்பயருக்கு ஆறு கல் வேண்டும். ஒரு பந்துக்கு ஒரு கல்லைப் பையில் போட்டுக்கொண்டே வந்தால் ஓவர் தானாகத் தெரியும். அந்த ஏரியில் மருந்துக்கும் ஒரு கூழாங்கல் கிடைக்கவில்லை. காய்ந்த மண்கட்டிகளை எடுத்துப் போட்டேன். மூன்றாவது பந்துக்குள் பேண்ட் பையில் தூளாகிவிட்டன. சம்பந்தியோ விரலை மடக்கி எண்ணுகிற ஆள். எனக்கு அந்த முறையில் நம்பிக்கை இல்லை. (மடக்கிய விரலால் மூக்கைச் சொறிந்தால் கணக்கு என்ன ஆவது?)

அப்போதுதான் அந்த அபார யோசனை உதித்தது. ஒவ்வொரு பந்துக்கும் பொட்டலத்திலிருந்து ஒரு கடலையை எடுத்துப் பேண்ட் பையில் போடுவது. பையில் ஆறு சேர்ந்ததும் 'ஓவர்' சொல்வது. சொன்னதும் அந்த ஆறையும் வாயில் போட்டுக்கொள்வது. அடுத்த ஓவருக்குப் பை காலி. கணக்குக்குக் கணக்கு, சர்க்கரைக்கு மருந்து. தொழிற்சாலையில் இதைச் சொல்லியிருந்தால் பதவி உயர்வே கொடுத்திருப்பார்கள்.

மேட்ச் முழுக்க இந்த ஏற்பாடு கடிகாரம் மாதிரி ஓடியது. எங்கள் தெரு அறுபத்துமூன்று அடித்தது. சர்ச் தெரு துரத்திக்கொண்டே வந்தது. கடைசி ஓவர் என் பக்கத்தில். பத்து ரன் வேண்டும். பந்து செந்தில் கையில், மட்டை அருள் கையில். என் மகனும் மருமகனும் எதிரும் புதிருமாக நிற்க, நடுவில் நான், ஒரு கை கடலையில்.

முதல் பந்து போனது. இரண்டு ரன். கடலை பைக்குள் விழுந்தது.

அந்த நேரம் பார்த்துக் கவுன்சிலரின் கார் ஏரிக்கரையில் வந்து நின்றது. பத்தாயிரம் வாலா வெடித்தது. ஸ்கோர் எழுதுவதும் மைக்கில் வர்ணனை சொல்வதும் முருகேசன் என்கிற ஒரே ஆள். அவன் பென்சிலைக் காதில் செருகிவிட்டு, "இதோ வருகை தந்துகொண்டிருக்கும் எங்கள் அண்ணன்..." என்று ஆரம்பித்துவிட்டான். கரையில் இருந்த சனம் மொத்தமும் கார் பக்கம் திரும்பியது.

வெடிச்சத்தத்துக்குக் கடைக்கோடியில் இருந்த கொக்குகள் எழும்பின. நான் நினைத்ததைவிட நிறைய இருந்தன. எண்ணத் தொடங்கினேன். அவை நேராகப் பறந்தாலாவது எண்ணிவிடலாம். வெயிலில் திரும்பும்போது வெள்ளையாகத் தெரிந்தன, மறுபடி திரும்பும்போது வானத்தோடு கரைந்து காணாமல் போயின. அவற்றுக்குப் பின்னால் தூரத்தில் தொழிற்பேட்டைப் புகைபோக்கிகள். ஞாயிற்றுக்கிழமையிலும் ஒன்று மட்டும் மெல்லப் புகைந்துகொண்டிருந்தது. எவனோ ஓவர்டைம் பார்க்கிறான் என்று நினைத்தேன்.

நானும் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் அப்படிப் பார்த்திருக்கிறேன். நான் எண்ணி அனுப்பிய பெட்டிகளெல்லாம் இப்போது எங்கே இருக்கும்? எந்த ஊரில், எந்த வீட்டில், யார் பிரித்திருப்பார்கள்? உள்ளே இருந்ததைப் பார்த்து ஒரு குழந்தையாவது சிரித்திருக்குமா? பெட்டியின் வெளிப்பக்கத்தையே பார்த்து ஓர் ஆயுள் போயிருக்கிறது. இந்தப் பையன்கள் தேவலை. ஒரு ரப்பர் பந்துக்காக வாரமெல்லாம் காத்திருக்கிறார்கள். பந்து எங்கே போகிறது என்று அவர்களுக்காவது தெரிகிறது.

மைக்கில் அண்ணனின் சாதனைகள் வந்துகொண்டிருந்தன. தார் ரோடு, தெருவிளக்கு, மறுபடியும் அதே தார் ரோடு. சர்ச் மணி ஒன்று காற்றில் வந்தது. அம்மன் கோயில் ஒலிபெருக்கியும் அதே காற்றில் வந்தது. ஏரிக்கு நடுவில் நின்று கேட்டால் இரண்டும் ஒரே பாட்டாகத்தான் கேட்கிறது. கரைக்குப் போனால்தான் தெரு பிரிகிறது. சாமிகள்கூட ஞாயிற்றுக்கிழமை காலையில் இங்கே எங்காவது நிழலில் உட்கார்ந்து ஸ்கோர் என்ன என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று தோன்றியது. அந்த நினைப்பு ரொம்ப இனித்தது. வாயும் ருசியாக இருந்தது.

"ஏய்ய்ய்!" என்று ஒரு சத்தம். செந்தில் இரண்டு கையையும் தூக்கிக் குதித்துக்கொண்டிருந்தான். எங்கள் டீம் அவன்மேல் விழுந்தது. இன்னும் நான்கு ரன் குறைச்சல். ஜெயித்துவிட்டார்களாம்.

நான் பைக்குள் கையை விட்டேன். மூன்று.

"டேய், நிறுத்துங்கடா. இன்னும் மூணு பால் பாக்கி."

செந்தில் என்னிடம் வந்தான்.

"நைனா, ஆறு போட்டுட்டேன் நைனா."

"மூணுதான் போட்டிருக்க."

"இன்னா நைனா பேஜாரு பண்ற? தோள்பட்ட கயண்டுக்கினு வருது, மூணுன்றியே!"

கீப்பர் பையன் குறுக்கே வந்தான். "பெரியவரே, நானும் ஆறுன்னுதான் எண்ணுனேன்."

"நீ எத்தனை வருஷமாடா எண்ற?" என்று கேட்டேன். அவன் திரும்ப ஸ்டம்புக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

அருள்தான் பாவம், மட்டையை ஊன்றிக்கொண்டு மெதுவாகச் சொன்னான். "மாமா, எனக்கும் ஆறு மாரிதான் கீது..."

"மாப்பிள்ளை, நீங்க ஆடுங்க. எண்றத நான் பாத்துக்கிறேன்."

முருகேசனைப் பார்த்தேன். பென்சில் இன்னும் காதிலேயே இருந்தது. சம்பந்தியைப் பார்த்தேன். அவர் கவுன்சிலரை நோக்கி இரண்டு கையும் கூப்பி நின்றிருந்தார். விரல் எதுவும் மடக்கியபடி இல்லை. "சம்பந்தி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் அவர்.

செந்தில் என்னை ஒரு பார்வை பார்த்தான். பெற்ற பிள்ளை என்பதால் திரும்பிப் போய்ப் பந்து போட்டான். ஏழாவது பந்தில் ரன் இல்லை. எட்டாவதிலும் இல்லை. ஒன்பதாவது பந்துக்கு அருள் கண்ணை மூடிக்கொண்டு மட்டையை வீசினான். பந்து உருண்டு உருண்டு போய்க் கவுன்சிலரின் காருக்கடியில் புகுந்தது. நான்கு. நான் "ஓவர்!" என்று கம்பீரமாகக் கையைத் தூக்கினேன்.

சர்ச் தெரு ஆடியது. அம்மன் கோயில் தெரு என்னைச் சூழ்ந்துகொண்டது. "மாப்ளைக்கு மொய் வச்சிட்டாரு பெரியவரு" என்று ஒருவன் கத்தினான். என் நாணயத்தின்மேல் கை வைத்துவிட்டார்கள். பொறுக்க முடியுமா? பைக்குள் கைவிட்டு, இருந்ததை எல்லாம் அள்ளி, உள்ளங்கையில் விரித்து நீட்டினேன்.

"எண்ணிக்கோங்கடா! ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு!"

கடலைகளையே எல்லாரும் பார்த்தார்கள். அப்போது என் மகள் கலா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கையில் போன்.

"நைனா, அவரு ஆடறத வீடியோ எடுத்தேன். இத கொஞ்சம் பாரு."

இரண்டு டீமும் ஒரு போனுக்குமேல் கவிழ்ந்தன. படத்தில் அருள் மட்டையோடு தூரத்தில் நிற்கிறான். முன்னால் ஓரமாக, வெள்ளைத் தொப்பியோடு நான். பையன்கள் கோரஸாக எண்ணினார்கள். "ஒண்ணு... ரெண்டு..." இரண்டாவது பந்து முடிந்ததும் படத்தில் இருந்த நான் வானத்தைப் பார்த்தேன். கை பேண்ட் பைக்குள் போனது, வெளியே வந்தது, வாய்க்குப் போனது. முகத்தில் ஒரு புன்னகை. கன்று ஈன்ற பசு அசைபோடுகிற மாதிரி ஒரு நிம்மதி. "மூணு... நாலு..." மறுபடியும் கை, மறுபடியும் வாய். ஆறு என்பதற்குள் பையன்களால் சிரிப்பில் எண்ண முடியவில்லை. ஒருவன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

முதலில் பேசியது அருள். அத்தனை வாரம் கழித்து, செந்திலின் தோளைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க: "மச்சான், உங்க நைனா மூணு பால துன்ட்டாருடா!"

"உனுக்கோசரம்தான துன்னாரு!" என்று செந்தில் அவன் முதுகில் அறைந்தான். இருவரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். நான் ஆறு கடலையோடு நீட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.

கவுன்சிலருக்கு அடுத்த ஊரில் காதுகுத்து. யார் ஜெயித்தார்கள் என்று கேட்டார். ஆளுக்கொன்று சொன்னார்கள். "அப்ப நடுவர்கிட்டயே இருக்கட்டும்" என்று கோப்பையை என் கையில் திணித்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தப் போட்டோ பொன்னேரி ரோட்டில் பேனராக நின்றது. அதில் நான் எதையோ சாதித்தவன் மாதிரி இருக்கிறேன்.

மறு ஞாயிறு பூசை முடிந்து மறுபடி மேட்ச் என்று முடிவானது. அதில் பந்து சேற்றில் புதைந்து தகராறு. அதற்கடுத்த ஞாயிறு சமம். அதற்கும் அடுத்த ஞாயிறு பாதி டீம் நைட் ஷிப்ட் முடிந்து வந்து பிட்சிலேயே தூங்கியது. இப்படியே ஏரியில் தண்ணீர் வரும்வரை இரண்டு தெருவும் ஒன்பது மணிக்குச் சேர்ந்து வந்து அந்த இறுதிப் போட்டியை ஆடிக்கொண்டே இருந்தன. மைதானம் யாருக்கு என்ற கேள்வியை எல்லாரும் மறந்துவிட்டார்கள். கறியை மச்சான்கள் ஒரே நேரத்தில் வந்து தின்றார்கள். வருஷங்கள் போயும் பங்குனி வந்தால் அந்த மேட்ச் தொடர்கிறது. எனக்குக் கருவேல மர நிழலில் ஒரு நாற்காலி போட்டுத் தந்திருக்கிறார்கள். ஒரு நிபந்தனை: எண்ணக் கூடாது.

வீடியோ குடும்ப வாட்ஸ்அப்பில் பத்திரமாக இருக்கிறது. என் பிறந்தநாளுக்கு வருஷா வருஷம் சம்பந்திதான் முதல் ஆளாக அனுப்புகிறார்.

கோப்பை இன்னும் தீர்ப்பாகவில்லை என்பதால் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. சரஸ்வதி அதில் வேர்க்கடலை போட்டு வைத்திருக்கிறாள். சாயங்காலம் டீயோடு அதிலிருந்து எடுத்து என் உள்ளங்கையில் வைக்கிறாள்.

"ஆறு குடுத்துக்கீறேன். அப்புறம் கொறயுதுன்னு சொல்லக் கூடாது. எண்ணிக்கோங்க."

எண்ணலாம்தான். ஜன்னலுக்கு வெளியே ஏரிப் பக்கம் கொக்குகள் திரும்பிக்கொண்டிருக்கின்றன. முதலில் அவற்றை எண்ணிவிடலாம் என்று பார்க்கிறேன். அவை வெள்ளையாகி, கரைந்து, மறுபடி வெள்ளையாகின்றன. கையைப் பார்த்தால் மூன்றுதான் இருக்கிறது.