டபுள் விசிலின் சுற்று ரூட்

பொதுப் பாதையை ஒருவர் வேலி போட்டு அடைத்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று நில ஆக்கிரமிப்புச் சட்டம் தெளிவாகவே சொல்கிறது. முதலில் ஏழாவது பிரிவின்படி நோட்டீஸ். அதற்கு ஒழுங்கான விளக்கம் வராவிட்டால் ஆறாவது பிரிவின்படி உத்தரவு. ஏழுக்குப் பிறகு ஆறு வருவது வருவாய்த் துறையில் மட்டும்தான். அந்தத் துறையிலேயே குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன் என்பதால் எனக்கு இதில் வியப்பில்லை. வியப்பெல்லாம், ஏழும் ஆறும் இல்லாமல் ஒரு வேலியைத் திறக்க வைத்த டபுள் விசில் மீதுதான்.

பஸ்சே இல்லாமல் பஸ் நடத்திய ஒரே கண்டக்டர், நானறிந்து உலகத்தில் அவர்தான்.

கல்லலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். சர்க்கரை, ரத்த அழுத்தம், மருமகள் என்று ஆளுக்கொரு காரணத்தால் காலையில் நடக்கக் கிளம்பிய எங்களை ஒன்று சேர்த்தவர் ஓய்வு பெற்ற இந்தக் கண்டக்டர். ஊருணிக்கரையில் தொடங்கி, பெரிய கண்மாயின் கரை மீதே போய், உபரித் தண்ணீர் வழியும் கலுங்கைத் தாண்டி, தைலமரக் காட்டுக்குள் நுழைந்து, மறுபக்கம் கடலைக் கொல்லைகளுக்கு நடுவே வண்டிப்பாதையில் நடந்து, சின்னக் கண்மாயைத் தொட்டுக்கொண்டு மறுபடி ஊருணிக்கே வந்து சேரும் வட்டம். எங்களுக்கு அது நடை. அவருக்கு டூட்டி.

ஒரு விசில் அடித்தால் நிற்க வேண்டும். இரண்டு அடித்தால் கிளம்ப வேண்டும். நடுவில் யாரும் நிற்கக் கூடாது. ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர் உண்டு. ஊரே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும். அவர் ஒரு நாள் கண்மாய்க் கரையில் ஆவாரம்பூ பறிக்கக் குனிந்தார்.

"டீச்சர், நடுவுல எறங்கப்படாது! அடுத்த ஸ்டாப்பு கலுங்கு."

"ரெண்டு பூவுதானய்யா பறிக்கிறேன்?"

"ஆளாளுக்கு ரெண்டு பூவுன்னு எறங்குனா வண்டி எப்பப் போய்ச் சேர்றது?"

எதிரே மயில் வந்தால், "எதுக்க வண்டி வருது, எல்லாம் ஒதுங்குங்க" என்பார். மயில் தோகையை இழுத்துக்கொண்டு சாவகாசமாகப் போகும்வரை ஏழெட்டுப் பெரிய மனிதர்கள் கண்மாய்ச் சரிவில் ஒற்றைக் காலில் நிற்போம். வானமே கூரையாக இருக்கும் கரையில், "முன்னாடி எடங் கெடக்குல்ல, உள்ள போங்க" என்று அவர் அதட்டினால், நாங்களும் நெருங்கி நின்றுகொள்வோம்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது ஒன்று இருந்தது. போன வழியே திரும்பக் கூடாது. கால் வலித்தாலும் சரி, மழை வந்தாலும் சரி, வட்டத்தை முடித்துத்தான் ஊருக்குள் வர வேண்டும். ஒரு நாள் கலுங்குத் திண்டில் மூக்குக் கண்ணாடியை வைத்துவிட்டு, காட்டுக்குள் நுழைந்த பிறகுதான் நினைவு வந்தது. கூப்பிடு தூரம்தான். திரும்பினேன்.

"சார், எங்குட்டுப் போறீக?"

"கண்ணாடிய விட்டுட்டேன்."

"அடுத்த டிரிப்புல எடுத்துக்கலாம்."

ஒரு மூக்குக் கண்ணாடிக்காக அன்று ஊரை இரண்டு முறை சுற்றினேன். எத்தனையோ மேலதிகாரிகளைப் பார்த்தவன் நான். ஒரு விசிலுக்கு ஏன் இப்படிக் கட்டுப்பட்டேன் என்பது இன்றும் விளங்கவில்லை.

ஏன் திரும்பக் கூடாது? டீச்சர், ஐயனாருக்கு நேர்ந்துகொண்டிருப்பார் என்றார். டீக்கடைக்காரர், அந்தக் கலுங்கில் அவர் எதையோ பார்த்துப் பயந்தவர் என்றார். வெறும் பிடிவாதம் என்பது என் குறிப்பு. அவரிடமே கேட்டால் விசிலைத் துடைத்துக்கொண்டு சிரிப்பார்.

அப்போதுதான் வேலி வந்தது. வண்டிப்பாதையின் இரு பக்கமும் முத்துக்கருப்பனின் கடலைக் கொல்லை. பாதை வழியாக வந்த ஆடுகள் கொடியை மேய்ந்துவிட்டன. கோபத்தில் மனிதர் பாதைக்குக் குறுக்கேயே கம்பியைக் கட்டி முள்ளை அடைத்துவிட்டார். காட்டை விட்டு வெளியே வந்த நாங்கள் அதன் முன்னால் நின்றோம். ஒரு விசில்.

"வண்டி பிரேக் டவுன்" என்றார்.

காட்டோரம் தைலக்கட்டை ஏற்றிக்கொண்டு ஊர்ப்பக்கம் போன டிராக்டரை மறித்து எங்களை ஏற்றிவிட்டார்.

"நீங்க வரலையா?" என்றார் டீச்சர்.

"வண்டிய அநாதையா விட்டுட்டுக் கண்டக்டர் வரலாமா? மெக்கானிக் வரட்டும், டீச்சர்."

மெக்கானிக் நான்தான் என்று நினைத்துக்கொண்டு, அன்றே மனு எழுதினேன். புல எண், கிராம வரைபடம், சட்டப் பிரிவு எல்லாம் போட்டு, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால். அட்டை திரும்பி வந்தது. அதோடு சரி.

நடை கலைந்தது. சிலர் கோயிலைச் சுற்றினார்கள்; சிலர் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். டபுள் விசில் மட்டும் தினமும் வேலி வரை நடந்து, அங்கிருந்த வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார். டிராக்டர் வந்தால்தான் வீடு. அது வேறு வண்டி; அதில் திரும்பினால் குற்றமில்லையாம். ஆள் இளைத்துப்போனார். என்னதான் செய்கிறார் என்று பார்க்க ஒரு காலை நானும் போய் உட்கார்ந்தேன். அன்றுதான் சொன்னார்.

"நான் டூட்டி பாத்த ரூட்டு அம்புட்டும் போற வழியிலயே திரும்பி வர்றது, சார். அதே பாலம், அதே புளியமரம். போகையில இடப்பக்கம், வரையில வலப்பக்கம், அம்புட்டுத்தான் வித்தியாசம். சுத்தி வர்ற ரூட்டுல ஒரு நாளாவது போடுங்கன்னு எழுதிக் கேட்டேன். ரிட்டயர் ஆகுற வரைக்கும் பதிலே இல்ல."

பதில் போடாமல் விடுவது எப்படி என்பது எனக்கும் தெரிந்த நடைமுறைதான்.

மறுநாளிலிருந்து நானும் தினமும் போய் உட்கார்ந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் முத்துக்கருப்பனும் எங்களைப் பார்த்துக்கொண்டே களை பறித்தார். முதல் வாரம் முறைத்தார். இரண்டாம் வாரம் தண்ணீர் கொடுத்தார். டபுள் விசில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் ஆடுகள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்பதையும் கவனித்திருப்பார் போல. "உருப்படிக்கெல்லாம் இந்த வண்டியில எடமில்ல" என்று விசிலடித்தே அவர் விரட்டிவிடுவார்.

ஒரு நாள் முத்துக்கருப்பன் மெல்லக் கேட்டார்: "ஏண்ணே, டீச்சர் வீட்டுப் புளியமரத்துக்கு 'டீச்சர் ஸ்டாப்பு'ன்னு சத்தம் போடுவீகளே, இங்குட்டு எம்பேர்ல ஒண்ணும் கெடையாதா?"

"ஸ்டாப்புன்னா வண்டி நிக்கணும், தம்பி, பெறகு கெளம்பணும். இங்க நிக்கிதே ஒழிய கெளம்பல. இதுக்குப் பேரு ஷெட்டு."

"என் கொல்லைய ஷெட்டுங்கிறீகளே!"

"வேற என்னன்னு சொல்ல?"

மறுநாள் நாங்கள் போனபோது கம்பியும் முள்ளும் இல்லை. பாதையின் குறுக்கே மூங்கில் படல் ஒன்று, ஆள் திறந்து மூடும்படி நின்றது. அதற்குப் பக்கத்தில் சலவைச் சட்டையில் முத்துக்கருப்பன்.

டபுள் விசில் நின்றார். ஒரு விசில். "முத்துக்கருப்பன் ஸ்டாப்பு! எறங்குறவுக எறங்குங்க." யாரும் இறங்கவில்லை. முத்துக்கருப்பன் ஏறிக்கொண்டார். "கடைசி ஆளு கதவச் சாத்துங்க, ஆடு ஏறிரும்." பிறகு, எவ்வளவோ நாளாகக் கேட்காத அந்த இரண்டு விசில்.

கடலைக்கொடி பூத்து, அறுவடையாகி, அடுத்த போகம் விதைத்த பிறகு என் மனுவுக்குப் பதில் வந்தது. பிரித்துப் பார்த்தேன். மேற்படி பாதையில் பொதுமக்கள் தடையின்றிச் சுற்றிச் சென்று வருவதால் மேல் நடவடிக்கை தேவையில்லை என முடிவு செய்யப்பட்டுள்ளதாம். மனு எழுதும்போது இருந்த வேலி, விசாரிக்க வரும்போது இல்லை. எனவே கோப்பு முடிந்தது. நானும் இப்படி எத்தனையோ கோப்புகளை முடித்திருக்கிறேன்.

சிரித்துக்கொண்டே அதை ஊருணிக்கரையில் டபுள் விசிலிடம் படித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

"சுத்திச் சென்று வருவதால்னு போட்டுருக்கா, சார்?"

"ஆமா."

"கவர்மெண்டு முத்திரை இருக்கா?"

"இருக்கு."

"அப்ப இது நம்ம ரூட்டுக்குப் பர்மிட்டுல்ல?"

பர்மிட் கொடுக்கும் அலுவலகமே வேறு என்பது எனக்குத் தெரியும். அதற்கான படிவம், கட்டணம், கையெழுத்துப் போடும் அதிகாரி எல்லாம் தெரியும். பணியில் இருந்தவரை தவறான குறிப்பு ஒன்றுகூட எழுதியவனில்லை நான்.

"ஆமாய்யா, பர்மிட்டேதான்" என்றேன்.

கடிதத்தை இரண்டு கையாலும் வாங்கினார். "என்னைக்குத் தேதி போட்டுருக்கு, சார்?"

நல்ல நாளாகத்தான் போட்டிருந்தார்கள். ஆடிப்பெருக்கு.