உறையாத இஞ்சிப் பால்

உலகத்தில் ஓர் இனம் உண்டு. அதற்கு 'எனக்கு ஒண்ணும் வேண்டாம்' இனம் என்று பெயர். கடையில் எதையும் வாங்காது. வாங்கியவர்களை நிம்மதியாகச் சாப்பிடவும் விடாது. பக்கத்துக் கிண்ணத்தில் ஒரு கரண்டி, எதிர்க் கிண்ணத்தில் ஒரு கரண்டி, ருசி மறந்துபோச்சே என்று இன்னொரு கரண்டி, இப்படியே மூன்று பேர் பங்கை முடித்துவிட்டு, 'இன்னிக்கு நான் பட்டினி' என்று வயிற்றைத் தடவிக்கொள்ளும். உங்களுக்குத் தெரிந்தவர்தானே?

ஹாங்காங்கிலிருந்து சீனாவின் ஷுண்டே ஊருக்குச் சுற்றுலா வந்திருந்த லாவ் பிங்-குவன் இந்த இனத்தின் சுத்த வாரிசு. ராத்திரிச் சாப்பாட்டையே இனிப்புக் கடையில் வைத்துக்கொள்ளலாம் என்றது அவர் மனைவி சௌ-ஃபான். காரணம் இருந்தது. இஞ்சிச் சாற்றில் சுடுபாலை ஊற்றினால் தயிர்போல் உறைய வேண்டிய இனிப்பு இஞ்சிப் பால்; வீட்டில் அவள் எத்தனை தரம் செய்தாலும் உறைவதில்லை. இஞ்சியை மாற்றினாள், பாலை மாற்றினாள், அடுப்பையே மாற்றினாள். எருமைப்பாலுக்குப் பேர்போன இந்த ஊரிலாவது, பாலின் மேல் வைத்த கரண்டி முழுகாமல் நிற்பதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

கடைப்பெண் இஞ்சிச் சாற்றின் மேல் சுடுபாலை ஊற்றி, "கொஞ்ச நேரம் யாரும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"உங்களுக்கு என்னங்க சொல்லட்டும்?" என்று சௌ-ஃபான் கணவனைக் கேட்டாள்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

மகள் ஹோய்-கெய் தன் எள்ளுக் கூழைச் சுற்றிக் கையால் அணை கட்டினாள். அணை கட்டினால் வெள்ளம் வேறு பக்கம் பாயாதா? அப்பாவின் கரண்டி அம்மாவின் கிண்ணத்துக்குள் பாய்ந்தது.

"ஐயோ, ஆட்டாதீங்க."

"ஆட்டலம்மா. உறைஞ்சுதான்னு பாத்தேன்."

உறையவில்லை. இனி உறையவும் உறையாது.

"விடுங்க, என் ராசி அப்படி. வீட்லயும் இப்படித்தானே." சௌ-ஃபான் சிரிக்கத்தான் பார்த்தாள். பாதிச் சிரிப்புதான் வந்தது.

ஹோய்-கெய்க்குப் பொறி தட்டியது. வீட்டில் பால் ஊற்றியதும் தண்ணீர் குடிக்க என்று சமையலறைக்குள் நுழைகிறவர் யார்?

"அப்பா, அங்கயும் நீங்கதானா?"

அப்பா மேலே சுற்றும் மின்விசிறியை ஆராய்ந்தார். "ஒரே ஒரு கரண்டி. அதுவும் எப்பவாவதுதான்."

"எப்பவாவதுன்னா?"

"அம்மா செய்யறப்ப."

மகள் இன்னொரு கிண்ணம் சொன்னாள். மேசையிலிருந்த கரண்டிகளை எல்லாம் வாரித் தன் பைக்குள் போட்டு, பையின் மேல் ஏறி உட்கார்ந்தாள். குத்தியது. உட்கார்ந்தே இருந்தாள். வாசலில் சுற்றுலா வழிகாட்டி கொடியை ஆட்டி ஆட்டி அழைத்தார். யாரும் எழவில்லை. அப்பா கோயிலில் நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டார்.

பிறகு ஒரே ஒரு கரண்டி வெளியே வந்தது. சௌ-ஃபான் அதைப் பாலின் மேல் மெதுவாக வைத்தாள். நின்றது. அவள் சாப்பிட மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் வாயை அள்ளிக் கணவன் பக்கம் நீட்டினாள்.

"எனக்கு ஒண்ணும்..."

"வாயத் தொறங்க."

விழுங்கிவிட்டு, "அவ்வளவா தித்திப்பு இல்ல" என்றார். ஹாங்காங்காரர் வாயில் ஓர் இனிப்புக்கு இதற்கு மேல் பாராட்டு கிடையாது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் வீட்டிலும் யாராவது, எது செய்தாலும் சரியாக வரமாட்டேன் என்கிறதே என்று தன் ராசியை நொந்துகொண்டிருந்தால், முதலில் உங்கள் கரண்டி எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.